விங் எத்தனை கிலோ தூக்க வேண்டும்?

இரட்டைச் சிலிண்டருக்கு மாறும் முக்குளிப்பவர் கடையில் முதலில் கேட்கும் கேள்வி, பெரும்பாலும், எத்தனை கிலோ விங் வாங்கலாம் என்பதாகவே இருக்கிறது. பெரியதாகவே எடுத்துக்கொள்ளுங்கள், பின்னால் போதாமல் போகாது என்ற பதிலும் உடனே வந்துவிடும். வளருகிற பிள்ளைக்குச் சட்டை எடுக்கும்போது பொருந்துகிற இந்த அறிவுரை, முதுகுத் தகட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே அமர்ந்து நம்மை நீரில் நிறுத்தும் அந்தக் காற்றுப்பைக்குப் பொருந்தாது. விங் சிறியதாக இருந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரிகிறது; தேவைக்கு மேல் பெரியதாக இருந்தாலும் ஆபத்து என்பதைப் பலர் டிகம்ப்ரஷன் நிறுத்தத்தில், அதாவது உடலில் கரைந்த வாயு வெளியேறுவதற்காக மேலேறும் வழியில் காத்திருக்கும் இடத்தில், பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள சரியான அளவை அனுமானத்தால் பிடிக்க முடியாது. ஒரு பிற்பகல் செலவிட்டு, ஒரு கொக்கித் தராசும் சிறிது கூட்டல் கழித்தலும் கொண்டு கணக்கிட்டுவிடலாம்.

விங்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண் அதன் கொள்ளளவைத்தான் வேறு விதமாகச் சொல்கிறது. ஒரு லிட்டர் காற்று நீருக்குள் ஒரு லிட்டர் நீரை விலக்கும். அந்த நீர் நன்னீரானால் ஒரு கிலோ, கடல்நீரானால் ஏறத்தாழ 1.025 கிலோ. ஆகவே 18 கிலோ விங் என்பது ஏறக்குறைய 18 லிட்டர் காற்றைப் பிடிக்கும் பை. பவுண்டில் குறித்திருந்தால் 0.454 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்: 30 பவுண்டு விங் 13.6 கிலோ, 40 பவுண்டு 18 கிலோ, 60 பவுண்டு 27 கிலோ. முழுதாக ஊதிய விங் 10 மீட்டரில் தூக்கும் அதே அளவைத்தான் 60 மீட்டரிலும் தூக்கும். அதை நிரப்பச் செலவாகும் வாயுதான் ஆழத்தோடு கூடுகிறது.

இனி, விங்கின் வேலை என்ன என்பதில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. முதுகில் சுமக்கும் நாற்பது கிலோவை நீருக்குள் தூக்கிப் பிடிப்பது விங்தான் என்று நினைப்பவர்கள், சுமை கூடக்கூட விங்கும் பெரிதாக வேண்டும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சுமையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்கிறது. முக்குளிப்பு முடியும் தருவாயில் காற்றில்லாத விங்குடன் நீரில் சமநிலையில் நிற்கும்படி ஒருவர் தம் எடையைச் சரியாக அமைத்திருந்தால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை எது எவ்வளவு மாறுகிறதோ அதை ஈடுசெய்வது மட்டுமே விங்கின் வேலை. மாறுபவை இரண்டு: சுவாசித்துத் தீரும் வாயுவின் எடை, ஆழத்தில் நசுங்கும் உடையின் மிதப்பு. இவற்றோடு, நீர்மட்டத்தில் தலையை வெளியே வைத்திருக்கவும், தேவைப்பட்டால் கழற்றிவிட்ட உபகரணத்தைத் தனியே மிதக்க வைக்கவும் விங் உதவ வேண்டும். இவ்வளவுதான்.

முதலில் ஈயம், பிறகு விங்

இதனால்தான் எடையைச் சரிசெய்யாமல் விங்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தைத் தேவைக்கு மேல் 4 கிலோ கட்டியிருப்பவர், அந்த நான்கு கிலோவையும் முக்குளிப்பு முழுக்க விங்கில் காற்றாகச் சுமக்கிறார்; கணக்கில் அவருடைய விங் 4 கிலோ பெரியதாக வந்து நிற்கும்.

சரிபார்க்கும் முறை இது. சிலிண்டர்களில் 30 பார் அளவு மட்டுமே வாயு இருக்கும்போது, வழக்கமாக அணியும் உடை, விளக்கு, பக்கவாட்டில் கூடுதலாக எடுத்துச் செல்லும் ஸ்டேஜ் சிலிண்டர் எல்லாவற்றோடும் 3 மீட்டர் ஆழத்துக்குச் சென்று, விங்கை முற்றிலும் காலி செய்து, நீர் புகாத டிரைசூட் அணிந்திருந்தால் அதில் உடலுக்கு இதமான அளவு வாயுவை மட்டும் வைத்துக்கொண்டு, துடுப்பை அசைக்காமல் நிற்க வேண்டும். சாதாரணமாக மூச்சு விடும்போது மேலும் கீழுமாக அரை மீட்டர் ஆடி, அங்கேயே நின்றால் எடை சரி. பொழுதுபோக்கு முக்குளிப்பில் 50 பாரில் இதைச் சரிபார்ப்பது வழக்கம். டிகம்ப்ரஷன் நிறுத்தங்கள் தேவைப்படும் டெக்னிகல் டைவிங்கில் அதைவிடக் குறைவாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு: கூட வந்தவருக்கு வாயு கொடுத்துத் தீர்த்துவிட்டு, ஏறத்தாழக் காலியான சிலிண்டரோடு கடைசி நிறுத்தத்தில் இருபது நிமிடம் நிற்க வேண்டியிருக்கும் நாளுக்காகத்தான் இந்த எடை. அன்று மேலே மிதந்து போய்விடக் கூடாது.

நன்னீரிலிருந்து கடலுக்கு மாறும்போது ஈயத்தின் அளவு மாறும். உடலும் உபகரணமும் சேர்ந்து 130 கிலோ இருப்பவருக்கு மூன்று கிலோவுக்குச் சற்று அதிகமாகத் தேவைப்படும். விங்கின் அளவு அதனால் மாறுவதில்லை.

வாயுவின் எடை

காற்றுக்கு எடை உண்டு என்பதைப் பள்ளியில் படித்தும், சிலிண்டருக்குள் அதை எண்ணிப் பார்ப்பவர்கள் குறைவு. சாதாரண வெப்பநிலையில், கடல்மட்ட அழுத்தத்தில், 1000 லிட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. 12 லிட்டர் சிலிண்டர் இரண்டை 232 பாருக்கு நிரப்பினால் எளிய பெருக்கலில் 5568 லிட்டர் வருகிறது. அந்த அழுத்தத்தில் வாயு கணக்குப் புத்தகம் சொல்லும் அளவுக்கு நெருங்காது என்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். ஆறரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டர், அதாவது எல்லோரும் 80 என்று அழைப்பது, 207 பாரில் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.6 கிலோ வாயுவைக் கொள்ளும். ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸின் எடை காற்றிலிருந்து பெரிதாக வேறுபடாது.

ஹீலியம் கலந்த டிரைமிக்ஸ் மட்டும் வேறு. ஹீலியம் 1000 லிட்டருக்கு 0.17 கிலோதான் இருக்கும் என்பதால், 18 விழுக்காடு ஆக்சிஜனும் 45 விழுக்காடு ஹீலியமும் உள்ள கலவையின் எடை 1000 லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கு அருகில் வருகிறது. அதே இரட்டைச் சிலிண்டரில் ஆறரைக் கிலோவுக்குப் பதிலாக நான்கு கிலோவைச் சுமக்கிறோம். இதைப் பார்த்து ஆழமான முக்குளிப்புக்குச் சிறிய விங் போதும் என்று யாரும் முடிவெடுக்க வேண்டாம். அதே சிலிண்டரில் அடுத்த வாரம் நைட்ராக்ஸ் நிரப்பப்படலாம் என்பதால், கணக்கை எப்போதும் காற்றை வைத்தே போட வேண்டும்.

உடை

நியோப்ரீன் என்பது ரப்பருக்குள் சிறைப்பட்ட ஆயிரமாயிரம் குமிழ்கள். 10 மீட்டரில் அழுத்தம் இரு மடங்காகும்போதே அந்தக் குமிழ்கள் பாதியளவுக்கு நெருங்கச் சுருங்கிவிடுகின்றன. 40 மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கை நோக்கிப் போகின்றன. ரப்பர் நசுங்காது என்பதால் உடை முழுவதுமாக அந்த விகிதத்தில் சுருங்காது. என்றாலும் மேற்பரப்பில் இருந்த மிதப்பில் பெரும்பகுதி ஆழத்தில் போய்விடுகிறது. உடலளவு, தடிமன், உடையின் வயது ஆகிய மூன்றைப் பொறுத்தும் எண் மாறும். புதிய 7 மில்லிமீட்டர் முழு உடை தலைமறைப்போடு சேர்ந்து மேற்பரப்பில் பத்துக் கிலோ வரை மிதப்புத் தரலாம்; 3 மில்லிமீட்டர் உடை மூன்று கிலோவுக்கு அருகில் இருக்கும்.

பொதுவான எண்ணை நம்பாமல் அளந்துவிடுவதே நல்லது. உடையைச் சுருட்டி வலைப்பையில் போட்டு, நீருக்குள் அமுக்கி, மடிப்புகளில் இருக்கும் காற்று முழுவதும் வெளியேறும்வரை பிசைந்து, பிறகு அந்தப் பை மெதுவாக மூழ்கத் தொடங்கும்வரை ஈயக்கட்டிகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஈயமும் நீரில் கொஞ்சம் எடை இழக்கும் என்பதால் சேர்த்த ஈயத்தை 0.91 ஆல் பெருக்கினால் உடையின் மிதப்பு கிடைக்கும். அதில் நான்கில் மூன்று பங்கை ஆழத்தில் இழப்பதாக எடுத்துக்கொண்டால் கணக்கு பாதுகாப்பான பக்கத்தில் நிற்கும்.

டிரைலாமினேட் டிரைசூட்டின் துணி நசுங்காது. உள்ளுடையில் இருக்கும் வாயு ஆழத்தில் சுருங்கும்போது, குளிரையும் அழுத்தத்தையும் தவிர்க்க நாமே சூட்டுக்குள் வாயு சேர்த்து அதே பருமனைக் காத்துக்கொள்கிறோம். எனவே முறையாகப் பயன்படுத்தும் டிரைசூட்டுக்கு இந்தக் கணக்கில் இழப்பு ஏறத்தாழப் பூஜ்யம். கழுத்துச் சீல் கிழிந்து சூட்டுக்குள் நீர் புகுந்தால் மட்டும் உள்ளுடை பிடித்துவைத்திருந்த வாயு வெளியேறி, வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஒரு கிலோ மிதப்பு போகும். உள்ளே வந்த நீர் கரையேறும்போது கனக்கும், ஆனால் நீருக்குள் அதற்கு எடை இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல், சூட் நிறைய நீர் நிரம்பினால் முப்பது கிலோ கூடிவிடும் என்று பயந்து மிகப் பெரிய விங் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தராசு

உபகரணத்தைத் தனியே எடைபோடுவதைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். கழற்றிய பிறகு அது தானாக மிதக்குமா என்பது மிக முக்கியமான கேள்வி. சிறிய படகில் ஏறுவதற்கு முன் நீரிலேயே எல்லாவற்றையும் கழற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும். கையிலிருந்து நழுவினால் சிலிண்டர், ரெகுலேட்டர், விளக்கு எல்லாம் ஒரே கணத்தில் கீழே போய்ச் சேரும்.

பயணப்பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசு ஒன்று போதும். முழுதாக நிரப்பிய சிலிண்டர்கள், ரெகுலேட்டர்கள், தகடு, ஹார்னஸ் என்னும் வார்ப்பட்டைகள், விளக்கின் பேட்டரிக்குழல் என்று வழக்கமாக முதுகில் ஏறும் எல்லாவற்றையும் பூட்டி, காலியான விங்கோடு ஒரு கயிற்றில் கட்டி, தராசு மட்டும் நீருக்கு மேலே நிற்கும்படி படித்துறையிலிருந்து தொங்கவிட வேண்டும். கடைசியாக நான் இதைச் செய்தபோது தராசு முதலில் 14.1 காட்டியது. கயிற்றைப் பிடித்து இரண்டு முறை உலுக்கியதும் ஹார்னஸ் பட்டைகளின் மடிப்பிலிருந்தும் தகட்டின் பள்ளத்திலிருந்தும் குமிழ்கள் சரம்சரமாக வெளியேறின. குனிந்து விங்கின் காற்றை வெளியேற்றும் கீழ் டம்ப் வால்வின் கயிற்றை இழுத்தபோது உள்ளே ஒளிந்திருந்த காற்று ஒரு பெரிய குமிழாகப் புறப்பட்டு வந்தது. அதன் பிறகு தராசு மெல்ல ஏறி 14.8-இல் நின்றது. அந்த எண்தான் உண்மையானது. உலுக்காமல் முதலில் கண்ட எண்ணைக் குறித்துக்கொண்டு போயிருந்தால் முக்கால் கிலோ தவறியிருக்கும்.

கையில் தராசு இல்லாதவர்களுக்கு ஓர் உத்தேசம்: 3 மில்லிமீட்டர் எஃகுத் தகடு நீரில் இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும், அலுமினியத் தகடு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். 12 லிட்டர் எஃகுச் சிலிண்டர் காலியாக இருக்கும்போதே ஒரு கிலோ அளவுக்குக் கீழே இழுக்கும். அலுமினியம் 80 காலியானதும் இரண்டு கிலோவுக்கு அருகில் மேலே மிதக்கும். எஃகுச் சிலிண்டர்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு கணிசமாக வேறுபடுவதால் இந்த எண்களை வழிகாட்டியாக மட்டுமே கொள்ள வேண்டும்.

கணக்கைப் போடுதல்

மூன்று நிலைகளைத் தனித்தனியாகக் கணக்கிட்டு, அவற்றில் பெரியதை எடுத்து, இரண்டு மூன்று கிலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். முதல் நிலை, முழு வாயுவோடு நீர்மட்டத்தில் தலையை வெளியே வைத்து நிற்பது. தலையின் எடை மட்டும் நாலரை முதல் ஐந்து கிலோ இருக்கும் என்பதால் வாயுவின் எடையோடு அதைக் கூட்டுகிறோம். இரண்டாவது, அடி ஆழத்தில் நிற்பது; அங்கே வாயுவின் எடையோடு உடையின் இழப்பைக் கூட்டுகிறோம். மூன்றாவது, உபகரணம் தனியே மிதப்பது. அதற்குத் தராசு காட்டிய எண்.

டிரைசூட், 12 லிட்டர் எஃகு இரட்டை, இரண்டு அலுமினியம் 80 ஸ்டேஜ் என்ற பரவலான அமைப்பை எடுத்துக்கொள்வோம். முதுகில் ஆறரைக் கிலோ வாயு, ஸ்டேஜ் இரண்டிலும் சேர்த்து 5.2 கிலோ, ஆக மொத்தம் 11.7. தலைக்கு நாலரையும் நான் பொதுவாகச் சேர்க்கும் அரைக் கிலோவும் கூட்டினால் நீர்மட்டத்தில் 16.7 தேவை. அடி ஆழத்தில் டிரைசூட்டுக்கு இழப்பில்லை என்பதால் 11.7 தாண்டாது. உபகரணம் தனியே 14.8, ஸ்டேஜ்களைக் கழற்றும் முன்பே படகுக்குக் கொடுத்துவிடுவோம் என்பதால் அவற்றை இதில் சேர்க்க வேண்டியதில்லை. மூன்றிலும் பெரியது 16.7. இந்த அமைப்புக்கு 18 கிலோ விங் தாங்கும், 20 கிலோ விங் நிம்மதி தரும். 27 கிலோ எதற்கு என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் விடை இல்லை.

வெதுவெதுப்பான நீரில் 3 மில்லிமீட்டர் உடையும் அலுமினியம் 80 இரட்டையும் அணிபவருக்கு எண் இன்னும் சிறியது. வாயு 5.2 கிலோ, உடையின் இழப்பு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே அடி ஆழத்தில் ஏழரை. நீர்மட்டத்தில் தலையோடு பத்து. உபகரணம் தனியே ஏழரையிலிருந்து எட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோவோடு முடிந்துவிடுகிறது. இரட்டைச் சிலிண்டருக்கென்று செய்யப்படும் விங்குகளில் இவ்வளவு சிறியது கிடைப்பது அரிது. கிடைப்பவற்றுள் மிகச் சிறியதை எடுத்துக்கொள்வதே சரி.

விங் கிழிந்தால்

மூன்று கணக்கையும் போட்ட பிறகு நான்காவதாக ஒன்று உண்டு: அடி ஆழத்தில், முழு வாயுவோடு இருக்கும்போது, விங் பூஜ்யமானால் என்ன ஆகும்?

7 மில்லிமீட்டர் உடையும் 12 லிட்டர் எஃகு இரட்டையும் அணிந்து 40 மீட்டரில் இருப்பவரைப் பாருங்கள். வாயு ஆறரை, உடையின் இழப்பு ஏழு, ஆகப் பதின்மூன்றரைக் கிலோ கீழே இழுக்கிறது. 18 கிலோ விங் இதை எளிதாகத் தூக்கிவிடும் என்பதால் முதல் மூன்று கணக்கிலும் பிழை தெரியாது. ஆனால் சிதைந்த கப்பலின் துருப்பிடித்த விளிம்பு ஒன்று பையைக் கிழித்தாலோ, காற்றூட்டும் இன்ஃப்ளேட்டர் குழாய் விங்கோடு சேரும் முழங்கை கழன்றாலோ, பதின்மூன்றரைக் கிலோவைத் துடுப்பால் உதைத்து மேலேற்ற முடியாது. நான்கைந்து கிலோவைச் சிறிது தூரம் உதைத்து ஏறலாம். அதற்கு மேல் மூச்சு வாங்கி, வாயு கரைந்து, கரியமில வாயு சேர்ந்து, நிலைமை மோசமாகும். உதிர்த்துவிட ஈயமும் இவரிடம் இல்லை. எஃகே அவருக்கு ஈயமாக இருக்கிறது.

வடக்கு ஃபுளோரிடாவின் குகை முக்குளிப்பவர்களிடையே உருவாகி உலகெங்கும் பரவிய தகடு–விங் அமைப்பின் உள்ளே இருக்கும் கருத்தே இதுதான்: உடையும் சிலிண்டரும் ஈயமும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும், விங் இல்லாமலும் மேலே வர வழியிருக்க வேண்டும். எஃகு இரட்டைக்கு டிரைசூட். நியோப்ரீன் வெட்சூட்டுக்கு அலுமினிய இரட்டையும் உதிர்க்கக்கூடிய ஈயமும். நான்காவது கணக்கில் தோற்கும் அமைப்பை எந்த அளவு விங்கும் காப்பாற்றாது, சிலிண்டரையோ உடையையோதான் மாற்ற வேண்டும்.

இரண்டு பைகள் கொண்ட விங் இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுகிறது. சில இடங்களில் அது நியாயமான தேர்வு. குறிப்பாகக் கனமான எஃகோடு வெட்சூட் அணிந்தே தீர வேண்டிய சூழலில். எனக்கு அதில் முழு மனம் இல்லை. இரண்டாவது இன்ஃப்ளேட்டர் மெல்லக் கசிந்து இரண்டாவது பை நிரம்பும்போது, முக்குளிப்பவர் பழக்கத்தால் முதல் பையையே காலி செய்துகொண்டிருப்பார். ஏன் மேலே போகிறோம் என்று புரிவதற்குள் நிறுத்தம் தவறிவிடும். வாங்குபவர்கள் இரண்டாவது இன்ஃப்ளேட்டரின் குறைந்த அழுத்தக் குழாயைக் கழற்றி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வாயால் ஊதவோ இணைக்கவோ பழக வேண்டும்.

பெரிய விங்கின் குறும்புகள்

நான் முதலில் வாங்கியதும் 27 கிலோ விங்தான். பதினைந்து கிலோவே தேவைப்பட்ட அமைப்புக்கு அது. 40 மீட்டரில் பாதிக்கும் குறைவாகவே நிரம்பி, இரு பக்கத் துணியும் தளர்ந்து மேலெழுந்து சிலிண்டர்களைச் சுற்றி வளைத்துக்கொண்டது. அந்த வளைவின் உச்சியில் தேங்கும் காற்று, கீழேயுள்ள டம்ப் வால்வுக்கு வருவதற்கு வழியில்லாமல் மடிப்பில் மாட்டிக்கொள்ளும். அப்படி 2 லிட்டர் மாட்டியிருப்பதாக வையுங்கள். 40 மீட்டரில் அழுத்தம் 5 பார், 6 மீட்டரில் 1.6 பார் என்பதால் அந்த 2 லிட்டர் 6 மீட்டர் நிறுத்தத்துக்கு வரும்போது ஆறேகால் லிட்டர் ஆகிவிடும். அன்று எனக்கு நடந்ததும் அதுதான்: வால்வை இழுத்தால் குமிழ் வரவில்லை, இடது பக்கம் மட்டும் மேலே தூக்குகிறது, இடதுபக்கமாகச் சாய்ந்து அந்தக் காற்றை வலப்பக்கம் தள்ள முயன்றதில் நிறுத்தத்திலிருந்து இரண்டு மீட்டர் மேலே போய்விட்டேன். நிறுத்தக் கயிற்றைப் பிடித்து இறங்கியதால் பாதிப்பு இல்லை.

இன்ஃப்ளேட்டர் பொத்தான் உப்பேறி அழுந்தியபடியே சிக்கிக்கொள்வது இன்னொன்று. விங்கின் உள்ளே அழுத்தம் மிகும்போது திறக்கும் பாதுகாப்பு வால்வு, பை முழுதாக நிரம்பிய பிறகே திறக்கும். ஆகவே 18 கிலோ விங் 18 கிலோ வரை தூக்கிவிட்டு வழிந்துவிடுகிறது. 27 கிலோ விங் 27 வரை தூக்கிய பிறகே வழிகிறது. குழாயைக் கழற்றுவதற்குக் கிடைக்கும் சில நொடிகளில் இந்த வித்தியாசம் பெரியது. நீரில் இழுவிசை கூடுவதும், அதனால் வாயு கூடுதலாகச் செலவாவதும் சிறிய குறைகளே என்றாலும், அவை ஒவ்வொரு முக்குளிப்பிலும் இருப்பவை.

அகலமும் வடிவமும்

தூக்கும் அளவு சரியாக இருந்தும் விங் பொருந்தாமல் போகலாம். இரட்டைச் சிலிண்டர் விங்கின் நடுப்பகுதி அகலமானது. ஒற்றைச் சிலிண்டர் விங்கின் நடுப்பகுதி ஒடுக்கமானது. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைக்கக் கூடாது. ஒற்றைச் சிலிண்டரில் அகலமான விங் சிலிண்டரைப் போர்த்திக்கொள்ளும். இரட்டையில் ஒடுக்கமான விங் சிலிண்டர்களுக்கும் தகட்டுக்கும் இடையே நசுங்கி, அச்சிட்டிருக்கும் எண்ணில் ஒரு பகுதியை ஊத முடியாமலே வைத்துக்கொள்ளும். வாங்கும் முன் சிலிண்டர்களைப் பூட்டி, விங்கை முழுதாக ஊதி, பின்னாலிருந்து பார்க்க வேண்டும்: இரு பக்கமும் சிலிண்டரின் விளிம்பைக் கொஞ்சம் தாண்டி, எங்கும் கிள்ளப்படாமல் உப்பி நிற்க வேண்டும். தகட்டுக்கும் பட்டைக்கும் உள்ள ஆணித்துளைகள் 28 சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதுதான் வழக்கம், அதனால் அதில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை.

வட்ட வடிவ விங்கில் காற்று கீழ்வழியாகவும் மறுபக்கம் போகும் என்பதால், உடலைச் சற்றே சாய்த்தாலும் டம்ப் வால்வுக்கு வந்துவிடும். லாட வடிவ விங்கில் மறுபக்கம் போக வேண்டுமானால் கழுத்துப் பக்கமாகச் சுற்றி வர வேண்டும். புதியவர்களுக்கு வட்ட வடிவையே பரிந்துரைப்பேன். லாட வடிவில் பழகிவிட்டவர்கள் அதை மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. ஓரங்களில் ரப்பர்க் கயிறு பின்னிய விங், அளவில் பெரியதை வாங்கிவிட்டு அதைச் சிறியதாகக் காட்டும் முயற்சி. கயிறு துணியைச் சுருக்கும் இடமெல்லாம் காற்று தேங்கும் பையாகிறது, வாயால் ஊதுவதும் கடினமாகிறது.

பக்கவாட்டில் சிலிண்டர் தொங்கவிடும் சைட்மவுண்டுக்கும் வெளிவிட்ட மூச்சை மறுசுழற்சி செய்யும் ரீபிரீதருக்கும் வேறு விங், வேறு சமநிலை. வாயுவின் எடை, உடையின் இழப்பு, தனியே மிதத்தல் என்ற அதே கணக்கு அங்கும் செல்லும். சைட்மவுண்டில் காற்று இடுப்புப் பக்கம் நிற்க வேண்டும் என்பதால் எண்ணைவிட இடம்தான் முக்கியம். மூன்று நான்கு ஸ்டேஜ் எடுத்துச் செல்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் 2.6 கிலோ சேர்த்துக்கொண்டே போவார்கள், 23 கிலோ வரை நியாயமாக வந்து நிற்கும். அதற்கு மேல் வந்தால் கணக்கை மறுபடி பார்க்க வேண்டும்.

வாங்கிய பிறகு

அச்சிட்ட எண்ணை அப்படியே நம்ப வேண்டியதில்லை. சிலிண்டர்களோடு பூட்டிய நிலையில் விங்கை வெளியே வழியும்வரை ஊதி, நீரில் மிதக்கவிட்டு, விங் முழுதும் நீருக்குள் அமிழ்ந்து மூழ்கத் தொடங்கும்வரை ஈயத்தைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். தொங்கிய ஈயத்தை 0.91 ஆல் பெருக்கி, முன்பு தராசில் கண்ட எண்ணோடு கூட்டினால் விங் உண்மையில் எவ்வளவு தூக்குகிறது என்பது தெரியும். 18 என்று எழுதியிருந்தது பூட்டிய நிலையில் பதினாறரையாக இருந்தால் அது நம் கணக்கில் சேர வேண்டிய செய்தி.

பிறகு, முழுச் சிலிண்டரோடு ஆழமில்லாத இடத்தில் இறங்கி, நீர்மட்டத்தில் விங்கை முழுதாக ஊதிப் பாருங்கள். வாயும் கன்னமும் நீருக்கு மேலே நிற்க வேண்டும். முகம் முன்பக்கமாகத் தள்ளப்படுவதாகத் தோன்றினால் காற்றைச் சற்றுக் குறைத்துப் பின்னால் சாயப் பழகிக்கொள்ளலாம். அங்கேயே ஹார்னஸைக் கழற்றி உபகரணத்தைக் கைவிட்டு, வால்வுகள் நீருக்கு மேலே தெரியும்படி மிதக்கிறதா என்று பாருங்கள். மறுபடி அணிந்து 6 மீட்டருக்குச் சென்று, விங்கில் பாதிக் காற்றை வைத்துக்கொண்டு, கிடைமட்ட நிலையிலிருந்து இடுப்பைச் சற்று உயர்த்தி, டம்ப் வால்வை ஒரு முறை இழுங்கள். முதல் இழுப்பிலேயே குமிழ்கள் தடையின்றி வெளியேறி, இரண்டாவது இழுப்பில் ஒன்றும் வராமல் போனால், உள்ளே எங்கும் காற்று தேங்கவில்லை என்று பொருள். புதிய உடை, புதிய சிலிண்டர், புதிய தகடு என்று எதை மாற்றினாலும் கொக்கித் தராசை மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். அதற்காக நான் என்னுடையதைக் கருவிப்பெட்டியிலேயே, உதிரி ஓ-ரிங்குகளுக்குப் பக்கத்தில், வைத்திருக்கிறேன்.